சாலையை மறுபடி போடும்போதே பாதுகாப்பும் எஸ்டிமேட்டில் வர வேண்டும்: நகராட்சிகள் என்ன செய்யலாம்?

#1 தெருவோரம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. சாலை விபத்து என்றாலே பேச்சு ஓட்டுநர் மேல்தான் போகிறது. குடித்திருந்தாரா, ஹெல்மெட் போட்டிருந்தாரா, செல்போன் பேசினாரா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியவைதான். ஆனால் அந்தத் தெரு ஏன் அவ்வளவு அகலமாக இருந்தது, கடக்க ஏன் இடமே இல்லை, அதை வரைந்தது யார், பணம் ஒதுக்கியது யார் என்று எவரும் கேட்பதில்லை. இந்த இழையில் அதைத்தான் பேச விரும்புகிறேன்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் இதுதான். இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நடந்தோ, சைக்கிளிலோ, டூவீலரிலோ போனவர்கள்.

இரண்டு நகரங்களைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் 2015இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: 2025க்குள் சாலை மரணமே இருக்காது. அப்போது ஆண்டுக்கு 200க்குக் கீழே இருந்த எண்ணிக்கை 2022இலும் 2023இலும் 300ஐத் தாண்டிவிட்டது. ஹெல்சிங்கியில் 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூலை வரை ஓராண்டு முழுக்க ஒருவர்கூடச் சாலையில் இறக்கவில்லை. ஏறக்குறைய 7 லட்சம் பேர் வாழும் தலைநகரம் அது. 1980களில் அங்கேயும் ஆண்டுக்கு முப்பது பேர் போல இறந்துகொண்டிருந்தார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸிடம் திட்ட அறிக்கை இருந்தது, வரைபடம் இருந்தது. ஆனால் தெருவுக்குத் தார் போடும்போது பழைய கோட்டின் மேலேயே கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஹெல்சிங்கியில் தெருவைத் தொடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். உள்ளாட்சியின் பங்கு என்று தேடினால் அது சாலைப் பாதுகாப்பு வார விழாவில் இல்லை, சாலை போடும் டெண்டரில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. உங்கள் கருத்து என்ன?

#2 வேகமானி

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லைசென்ஸ் கொடுப்பது நகராட்சி இல்லை, அபராதம் போடுவதும் நகராட்சி இல்லை. குடித்துவிட்டு ஓட்டுபவனை நகராட்சி எப்படித் தடுக்கும்? பொறுப்பு காவல்துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும்தான். குப்பை அள்ளவே ஆள் போதாத அமைப்பின் தலையில் இதையும் ஏற்றுவது நியாயமா?

இன்னொன்று, லாஸ் ஏஞ்சலிஸில் ஏறக்குறைய 38 லட்சம் பேர். அதை ஹெல்சிங்கியோடு ஒப்பிடுவது சரியில்லை.

#3 தெருவோரம்

@வேகமானி மக்கள்தொகைப் பேச்சு நியாயமானது. அதனால்தான் அந்தந்த ஊரின் பழைய கணக்கோடு ஒப்பிட்டேன். அறிவிப்புக்குப் பிறகு ஒன்றில் ஏறியது, மற்றதில் இறங்கியது. தனித்தனியாகப் பார்த்தாலும் இது பெரிய வித்தியாசம்தான்.

#4 சுழல்பாதை

நான் நகராட்சிப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேகமானி சாரின் கேள்விக்குக் கணக்கிலிருந்தே பதில் சொல்கிறேன்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடும். குறுக்கே குழந்தை வருவதைப் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்த ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கார் 21 மீட்டர் போயிருக்கும். 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் அதே ஒன்றரை வினாடியில் 12.5 மீட்டர்தான் போகும். காய்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தால் இன்னும் ஒரு 5 மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் 17, 18 மீட்டர். அதாவது மெதுவாக வந்த கார் நின்றே போன இடத்தை வேகமாக வந்த கார் பிரேக்கைத் தொடாமலே தாண்டியிருக்கும். இரண்டு ஓட்டுநர்களும் ஒழுக்கமானவர்கள், குடிக்காதவர்கள், கவனமானவர்கள். ஆனாலும் ஒரு குழந்தை பிழைக்கிறது, இன்னொன்று பிழைப்பதில்லை.

சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான அபாயம் சுமார் 4 சதவீதம் கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரி, வேகத்தைத் தீர்மானிப்பது எது? போர்டில் எழுதிய எண்ணைவிடத் தெருவின் உருவம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. நேராக, அகலமாக, இருபுறமும் வெட்டவெளியாகக் கிடந்தால் நல்ல ஓட்டுநருக்கும் கால் தானாக அழுந்தும். ஒவ்வொரு லேனையும் 3.5 மீட்டருக்கு மேல் வைத்தால் அது நெடுஞ்சாலைக்கான அளவு. நகரத் தெருவுக்கு 3 மீட்டர் போதும், பேருந்து போகும் தடத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். மிச்சமாகும் அகலத்தை நடைபாதைக்குக் கொடுக்கலாம்.

அப்புறம் தெருமுனை. முனை வளைவின் ஆரம் பெரிதாக இருந்தால் வண்டி வேகம் குறையாமலே திரும்பும், கடப்பவர் நடக்க வேண்டிய தூரமும் கூடும். 3 முதல் 4.5 மீட்டர் ஆரம் வைத்தால் ஓட்டுநர் மெதுவாகத்தான் திரும்ப முடியும். அந்த ஆரத்தை வரைபடத்தில் குறிப்பவர் நகராட்சியின் உதவிப் பொறியாளர். போலீஸ்காரர் 24 மணி நேரமும் ஒரு முனையில் நிற்க முடியாது. சரியாகக் கட்டிய கல்விளிம்பு நிற்கும்.

#5 நிலாமுற்றம்

சுழல்பாதை ஐயா, இதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் பள்ளி ஆசிரியை. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்றால் எனக்கு வயிறு கலங்குகிறது. எட்டு வயதுக் குழந்தைக்கு வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கத் தெரியாது. நிறுத்தியிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து திடீரென்று ஓடிவரும். "பார்த்துப் போ" என்று தினமும் சொல்கிறோம். நெதர்லாந்தில் 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்தார்கள், பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள் என்று படித்திருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன மாறியது, யாருக்காவது தெரியுமா?

#6 நகர்வலம்

@நிலாமுற்றம் அந்தப் போராட்டத்தின் பெயரே "குழந்தைக் கொலையை நிறுத்து" என்றுதான் இருந்தது. நெதர்லாந்தில் 1972இல் மொத்தச் சாலை மரணங்கள் 3,200க்கு மேல், அந்த நாட்டின் உச்சம் அதுதான். இந்த இழைக்குப் பொருத்தமான விஷயம் இதில் ஒன்று இருக்கிறது. டெல்ஃப்ட் நகரத்தில் 1960களின் கடைசியிலேயே குடியிருப்பவர்களும் நகராட்சியும் சேர்ந்து தெருக்களை மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நேர்த்தெருவை வளைத்தார்கள், நடுவே மரம் வைத்தார்கள், நடைபாதையையும் வண்டிப்பாதையையும் ஒரே மட்டமாக்கி, வண்டி மனிதன் நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டும் என்று ஆக்கினார்கள். அதற்கு நாடு தழுவிய சட்ட அங்கீகாரம் 1976இல்தான் வந்தது. ஊர் முதலில் செய்தது, சட்டம் பின்னால் வந்தது.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரமும் அப்படித்தான். பெருஞ்சாலைகள் தவிர ஊர் முழுக்க 30 கி.மீ. என்று 1992இலேயே கொண்டுவந்தது.

#7 வேகமானி

ஐரோப்பா, ஐரோப்பா, ஐரோப்பா. பணக்கார ஊர்கள். இதையெல்லாம் காசு இல்லாத நகராட்சியில் செய்ய முடியுமா?

#8 நகர்வலம்

முடிந்திருக்கிறது. பிரேசிலின் ஃபோர்தலேசா பணக்கார நகரமில்லை, மோட்டார் சைக்கிள்கள் நிறைந்த ஊர். சாலை மரண விகிதத்தைப் பத்து ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதியாக்கியது. முதலில் எங்கே சாகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பிறகு சில இடங்களில் கான்கிரீட் போடாமல், பெயின்ட், பூந்தொட்டி, கயிறு, கூம்பு இவற்றை வைத்தே தெருவின் உருவத்தை மாற்றிப் பார்த்தார்கள். மக்களுக்குப் பிடித்த பிறகு நிரந்தரமாகக் கட்டினார்கள். கொலம்பியாவின் போகோட்டா 2018 கடைசியில் ஐந்து பெருஞ்சாலைகளில் வேக வரம்பை 60இலிருந்து 50ஆகக் குறைத்து ஆரம்பித்தது, பிறகு மற்ற பெருஞ்சாலைகளுக்கும் நீட்டித்தது. போர்டும் கண்காணிப்பும்தான் செலவு.

#9 இருசக்கரம்

டூவீலர் ஓட்டி வயிறு பிழைப்பவன் நான், டெலிவரி வேலை. நீங்கள் எல்லோரும் வேகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களைக் கீழே தள்ளுவதில் பாதி வேறு சமாச்சாரம், அதையும் சொல்ல வேண்டும்.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போகிறார்கள். சாலை உயர்கிறது, மேன்ஹோல் மூடி அதே இடத்தில் இருக்கிறது. கொஞ்ச நாளில் மூடி ஒரு குழி. குழாய்க்குத் தோண்டியதை மண் போட்டு மூடி, மேலே லேசாக ஒட்டுப்போட்டால் அடுத்த மழையில் உள்ளே இறங்கிவிடும். நாலு சக்கர வண்டிக்கு அது ஒரு குலுக்கல், எனக்கு அது தோள்பட்டை. மழையில் ஜீப்ரா கோட்டின் மேல் பிரேக் பிடித்தால் வழுக்குகிறது, சாதாரண பெயின்டை அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இரவில் தெருவிளக்கு இல்லாத இடத்தில், கோடு அழிந்த வேகத்தடை. ஒரு அடி அகலம், திடீர் உயரம். பின்னால் உட்கார்ந்திருப்பவர் எகிறி விழுகிறார்.

இதில் எதற்கும் சட்டத் திருத்தம் தேவையில்லை. மூடியைச் சாலை மட்டத்துக்கு உயர்த்தி வைக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. எல்லாம் நகராட்சி கையில் இருக்கிறது. ஏன் செய்யவில்லை என்றுதான் எனக்குக் கோபம்.

#10 சுழல்பாதை

@இருசக்கரம் உங்கள் கோபம் நூற்றுக்கு நூறு சரி. விழும் இடத்தில் இருப்பவர்கள் சொன்னால்தான் எஸ்டிமேட் எழுதுபவனுக்குப் புரியும்.

வேகத்தடை பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிரிட்டனில் 1970களில் சோதனை செய்து உருவாக்கிய வட்ட மேடு போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், உயரம் சுமார் 10 செ.மீ. வரைதான். முன்சக்கரமும் பின்சக்கரமும் மெதுவாக ஏறி இறங்கும். ஒரு அடி அகலத்தில் தார் உருட்டி வைப்பது வேகத்தடையே இல்லை, அது இடறுகட்டை. வேடிக்கை என்னவென்றால் அதை மிக வேகமாகத் தாண்டினால் காருக்குக் குலுக்கல் குறைவாகத் தெரியும், மெதுவாகப் போகும் டூவீலருக்குத்தான் முழு அடி. ஆம்புலன்ஸ், பேருந்து போகும் தெருவில் முழு அகல மேட்டுக்குப் பதிலாகத் துண்டுத் துண்டான மெத்தை மேடுகள் வைக்கலாம். பெரிய வண்டியின் சக்கரங்கள் இருபுறமும் இறங்கிப் போய்விடும், கார் மட்டும் ஏறி இறங்கியாக வேண்டும்.

இதைவிட நல்லது உயர்த்திய கடவை. ஜீப்ரா கோடு போடும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு மேடாக்குவது. வண்டிக்கு அது வேகத்தடை, சக்கர நாற்காலிக்கு அது சமதளம். ஒரே வேலையில் இரண்டு பயன்.

இப்போது தெருவோரம் சொன்ன டெண்டர் விஷயம். இதைத் தனித் திட்டமாகக் கொண்டுவந்தால் செலவு எகிறும். மறுபடி தோண்ட வேண்டும், மறுபடி போக்குவரத்தைத் திருப்பிவிட வேண்டும், ஒப்பந்ததாரர் மறுபடி இயந்திரம் கொண்டுவர வேண்டும். சாலையை எப்படியும் புதுப்பிக்கும்போது செய்தால் கூடுதல் கல்லும் கொஞ்சம் கான்கிரீட்டும்தான். தையல்காரரிடம் துணி இருக்கும்போதே பை வைக்கச் சொல்வது போல. சட்டை தைத்து முடித்த பிறகு கேட்டால் பிரிக்க வேண்டும். அமெரிக்காவில் ஹோபோக்கன் என்று ஒரு சின்ன நகரம், சுமார் 60,000 பேர். 2017 ஜனவரிக்குப் பிறகு பல ஆண்டுகளாக அங்கே ஒருவர்கூடச் சாலையில் சாகவில்லை என்பது செய்தியானது. அவர்கள் செய்ததில் பெரும்பாலானவை சாலை புதுப்பிக்கும் பணியோடு சேர்த்தே செய்தவை. முக்கியமாக, தெருமுனையிலிருந்து கொஞ்ச தூரத்துக்கு வண்டி நிறுத்தவே முடியாதபடி கம்பமோ செடித்தொட்டியோ சைக்கிள் நிறுத்தமோ வைத்துவிட்டார்கள். கடப்பவரும் ஓட்டுபவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடிகிறது. டீச்சர் சொன்ன வேனுக்குப் பின்னாலிருந்து ஓடிவரும் குழந்தை, அதற்கான மருந்து இதுதான்.

#11 நிலாமுற்றம்

இதை நாளைக்கே தலைமையாசிரியரிடம் சொல்கிறேன். பள்ளி வாசலில் இருபுறமும் வண்டி நிறுத்தாமல் செய்ய யாரிடம் கேட்க வேண்டும்? காவல்துறையா, நகராட்சியா?

#12 முன்னாள் கவுன்சிலர்

இருவரிடமும் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், ஒருவருக்குப் போகும் மனுவின் நகலை மற்றவருக்கும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டிக்கொண்டே இருப்பார். போர்டு வைத்தால் போதாது. இடத்தையே நிரப்பச் சொல்லுங்கள்.

இந்த "யாருடைய சாலை" விவகாரம் பற்றிச் சொல்லியாக வேண்டும். மன்றத்தில் உட்கார்ந்தபோது நான் அதிகம் கேட்ட பதில் "அது எங்கள் சாலை இல்லை" என்பதுதான். ஊருக்கு நடுவே ஓடும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. சாவு அதிகம் நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான். நியூயார்க் பக்கத்திலிருக்கும் ஜெர்சி சிட்டி 2022இல் தன் சொந்தத் தெருக்களில் ஒரு மரணம்கூட இல்லை என்று சாதித்தது. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அதே ஊருக்குள் ஓடும் மாநில, மாவட்டச் சாலைகள் அந்தக் கணக்கில் இல்லை. லண்டனில் மாநகரப் போக்குவரத்து அமைப்பின் கையில் சாலை நீளத்தில் 5 சதவீதம்தான், போக்குவரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதில் ஓடுகிறது. மிச்ச நீளம் கிட்டத்தட்ட முழுக்க அந்தந்தப் பகுதி மன்றங்களுடையது.

அதிகாரம் இல்லை என்பது சில சமயம் உண்மைதான். நியூயார்க் மாநகரம் வேகக் கேமரா வைக்க மாநிலச் சட்டமன்றத்தைக் கெஞ்ச வேண்டியிருந்தது. 2013இல் பள்ளிப் பகுதிகளில் கொஞ்சம் கேமராவுக்கு அனுமதி கிடைத்தது. அவை இரவிலும் வார இறுதியிலும் இயங்க 2022 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆளில்லாத இரவுச் சாலையில்தான் வண்டிகள் பறக்கும், அந்த நேரத்தில் கேமரா கண்ணை மூடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மாநகரம் கைகட்டி உட்காரவில்லை என்பதையும் பாருங்கள். சிக்னலில் வண்டிக்குப் பச்சை விழும் சில வினாடிகளுக்கு முன்பே நடப்பவருக்குப் பச்சை விழும்படி ஆயிரக்கணக்கான சந்திப்புகளில் மாற்றினார்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

#13 பச்சைவிளக்கு

சிக்னல் பேச்சு வந்ததால் நானும் சேர்கிறேன். சிக்னல் நேரம் கணக்கிடும் வேலை என்னுடையது.

கடக்கும் நேரத்தை வினாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துக் கணக்கிடுவது வெகுகால வழக்கம். 14 மீட்டர் சாலைக்கு 12 வினாடி. ஆனால் மூட்டுவலி உள்ள முதியவர் வினாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார், அவருக்கு 17, 18 வினாடி வேண்டும். மீதி ஆறு வினாடி அவர் நடுச்சாலையில், எதிரே ஹாரன். சிங்கப்பூரில் 2009இலேயே முதியவர்கள் தங்கள் அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை சில வினாடிகள் கூடுதலாக எரியும்படி செய்தார்கள். அட்டை வசதி இல்லாத ஊரில் சாலை நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு கட்டலாம். அதுவும் இல்லையென்றால் கணக்கையே 0.8க்கு மாற்றலாம்.

மாற்றினால் வண்டிகளுக்கு ஒரு சுற்றுக்கு ஆறு வினாடி தாமதம். இது நகராட்சியின் முடிவு. யாருடைய ஆறு வினாடி பெரிது என்று மன்றம்தான் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

#14 வேகமானி

@சுழல்பாதை @முன்னாள் கவுன்சிலர் நீங்கள் சொல்வதில் பொறியியல் புரிகிறது. ஆனால் அரசியலை எப்படிச் சமாளிப்பீர்கள்? பார்க்கிங்கை எடுத்தால் கடைக்காரர் கொடி பிடிப்பார். வேகத்தைக் குறைத்தால் ஊரே திட்டும். வேல்ஸில் 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளுக்கு மணிக்கு 20 மைல் என்று கொண்டுவந்ததற்கு எதிராக நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அடுத்த தேர்தலில் தோற்பதற்கு எந்தத் தலைவர் தயார்? ஓட்டுநர் பயிற்சியும் கடுமையான அபராதமும்தான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது இன்னும் என் கருத்து.

#15 முன்னாள் கவுன்சிலர்

அபராதம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே. இரண்டும் வேண்டும். ஆனால் அபராதம் நகராட்சி கையில் இல்லை, தெரு இருக்கிறது. இருப்பதை வைத்துத் தொடங்கலாம்.

அரசியலுக்கு வருகிறேன். ஸ்பெயினின் பொன்தேவெத்ராவில் 1999இல் வந்த மேயர் ஊர் நடுவிலிருந்து கார்களை வெளியேற்ற ஆரம்பித்தார். கடைக்காரர்கள் எதிர்த்தார்கள்தான். அவர் அதற்குப் பிறகும் தேர்தலுக்குத் தேர்தல் திரும்ப வந்துகொண்டே இருந்தார். ஒஸ்லோ ஊர் நடுவில் தெருவோரப் பார்க்கிங் இடங்களைச் சுமார் 700 அளவுக்கு எடுத்தது. 2019இல் அந்த ஊரில் மொத்தமே ஒரே ஒரு சாலை மரணம், அதுவும் காரில் போனவர். நடந்து போனவர் ஒருவரும் சாகவில்லை, குழந்தை ஒன்றும் சாகவில்லை.

வேல்ஸ் உதாரணம் எனக்கும் முக்கியமாகப் படுகிறது. அங்கே காயமடைவோர் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் எந்தச் சாலைக்கு விதிவிலக்கு என்பதை முடிவு செய்யும் வேலை உள்ளூர் மன்றங்களிடம் இருந்தும், ஊர்க்காரர்களோடு முதலில் பேசி முடிக்காமல் ஒரே நாளில் எல்லா இடத்திலும் போர்டு மாறியதாக மக்கள் உணர்ந்தார்கள். எதிர்ப்பின் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன். ஃபோர்தலேசாவைப் போலத் தற்காலிகமாக வைத்துக் காட்டினால் பயம் போகும். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009இல் கூம்பும் மடக்கு நாற்காலியும் போட்டுச் சோதனையாகத்தான் ஆரம்பித்தார்கள். நடப்பவர்களுக்கு ஏற்படும் காயம் 35 சதவீதம் குறைந்தது என்று அளந்து காட்டிய பிறகு நிரந்தரமாக்கினார்கள். கடைக்காரர்களிடம் "ஆறு மாதம் பார்ப்போம், பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடுகிறோம்" என்று சொல்லும்போது உரையாடலின் தொனியே மாறிவிடும். மன்றத்தில் நான் கண்ட உண்மை அது.

#16 இருசக்கரம்

எங்கே செய்வது என்று எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? கவுன்சிலர் வீட்டுத் தெருவில் செய்துவிட்டு முடித்துக்கொள்வார்களோ என்று பயம். (முன்னாள் கவுன்சிலர் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களைச் சொல்லவில்லை.)

#17 நகர்வலம்

கோபித்துக்கொள்ள மாட்டார், கேள்வி சரியானது. இதற்குத்தான் தரவு.

விபத்துகள் ஊர் முழுக்கச் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ 2017இல் கணக்கெடுத்தபோது கடுமையான, உயிர் போகும் விபத்துகளில் நான்கில் மூன்று பங்கு வெறும் 13 சதவீதத் தெருக்களில் நடந்திருந்தது. பணத்தை அங்கே போட்டால் போதும். ஆனால் ஒரு சிக்கல்: காவல்துறைப் பதிவை மட்டும் நம்பினால் பாதிப் படம் தெரியாது. நடந்து போகும்போது அடிபட்ட ஏழைத் தொழிலாளி புகார் கொடுக்காமல் மருத்துவமனைக்கு மட்டும் போயிருப்பார். சான் ஃபிரான்சிஸ்கோவில் பொது மருத்துவமனையின் காயச் சிகிச்சைப் பதிவையும் காவல்துறைப் பதிவையும் இணைத்துத்தான் அந்த வரைபடத்தைப் போட்டார்கள். பல நாடுகளில் நகராட்சிக்கே சொந்த மருத்துவமனையும் சுகாதாரப் பிரிவும் இருக்கின்றன. இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில் இருந்தும் பேசிக்கொள்வதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

பெயர், முகவரி எதுவும் வேண்டாம். எந்த இடம், எந்த நேரம், என்ன வண்டி, நடந்தாரா ஓட்டினாரா. இவ்வளவு போதும்.

#18 சுழல்பாதை

ஆமோதிக்கிறேன். இன்னும் இரண்டு இடத்தில் நகராட்சியின் கையெழுத்து ஓடுகிறது, யாரும் பேசுவதில்லை. ஒன்று கட்டட அனுமதி. பெரிய வணிக வளாகத்துக்கோ திருமண மண்டபத்துக்கோ அனுமதி தரும்போது வாசல் எந்தத் தெருவில், வண்டி எங்கே திரும்பும், நடந்து வருபவர் எங்கே கடப்பார் என்று கேட்காமல் கையெழுத்திட்டால் புதிய விபத்து இடம் ஒன்று உருவாகிவிட்டது என்று பொருள். இன்னொன்று பேருந்து நிறுத்தம். நிறுத்தத்தைச் சந்திப்புக்கு முன்னால் வைத்தால் இறங்கியவர்கள் பேருந்துக்கு முன்புறமாகக் கடப்பார்கள், பக்கத்து லேனில் வருபவனுக்கு அவர்கள் தெரியவே மாட்டார்கள். சந்திப்பைத் தாண்டி வைத்தால் பேருந்துக்குப் பின்னால் சிக்னலில் கடப்பார்கள். நிறுத்தத்தை நகர்த்தப் பெரிய செலவில்லை.

பாதுகாப்புத் தணிக்கை என்று ஒன்று உண்டு. 1980களில் பிரிட்டனில் தொடங்கியது. வரைபடம் போட்டவரும் கட்டியவரும் இல்லாத மூன்றாமவர் வந்து, நடப்பவராக, சைக்கிள்காரராக, இரவு ஓட்டுநராகத் தெருவைப் பார்த்துக் குறை எழுதுவார். வரைபட நிலையில் ஒரு முறை, திறக்கும் முன் ஒரு முறை, மக்கள் பயன்படுத்த ஆரம்பித்த பிறகு ஒரு முறை. வரைபட நிலையில் கண்டுபிடித்த குறையைப் பென்சிலால் திருத்தலாம். கட்டிய பிறகு உடைக்க வேண்டும். பில் பாஸ் ஆகும் முன் இந்தத் தணிக்கை அறிக்கையும் கோப்பில் இருக்க வேண்டும் என்று மன்றம் ஒரு தீர்மானம் போட்டால் பாதி வேலை முடிந்தது.

#19 தெருவோரம்

இங்கேதான் நான் முதலில் சொன்னதற்கு வருகிறேன். தலைவரின் நல்ல மனசை நம்பியிருக்காமல் விதியாகவே ஆக்கிய ஊர்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரம் 2019இல் ஓர் உள்ளூர்ச் சட்டம் போட்டது: நகரத்தின் திட்டப்படி ஒரு தெருவை மறுகட்டமைக்கும்போது, அந்தத் தெரு சைக்கிள் திட்ட வரைபடத்தில் இருந்தால், தடுப்போடு கூடிய சைக்கிள் பாதையும் அதே பணியில் வந்தாக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸிலும் பொறுமை இழந்த மக்கள் 2024 மார்ச்சில் வாக்கெடுப்பில் இதே போன்ற ஒன்றை நிறைவேற்றினார்கள். ஒரு மைலில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் சாலையைப் புதுப்பித்தால், 2015இலிருந்து அலமாரியில் தூங்கும் நகரப் போக்குவரத்துத் திட்டத்தை அந்த இடத்தில் செயல்படுத்தியாக வேண்டும். மூன்றில் இரண்டு பங்கை ஒட்டிய ஆதரவு கிடைத்தது. @வேகமானி, மக்கள் எப்போதும் எதிர்ப்பார்கள் என்பதற்கு இது ஒரு பதில்.

நம் மன்றங்களிலும் இதைக் கேட்கலாமே என்பதுதான் என் ஆசை. தனி நிதி வேண்டாம், தனித் திட்டம் வேண்டாம். இனி எந்தச் சாலை எஸ்டிமேட்டும் பழைய தாரைச் சுரண்டுவது, மூடி மட்டம், தெருமுனை ஆரம், கடவை, விளக்கு இவை இல்லாமல் ஒப்புதலுக்கு வரக்கூடாது என்று ஒரே ஒரு தீர்மானம்.

#20 வேகமானி

அந்தத் தீர்மானத்தை நானும் ஆதரிப்பேன். அபராதம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை, ஆனால் மூடியையும் விளக்கையும் சரிசெய்ய யாரும் எதிர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு சந்தேகம்: எஸ்டிமேட்டில் எழுதிவிட்டுக் களத்தில் செய்யாமல் விட்டால்?

#21 முன்னாள் கவுன்சிலர்

நடக்கும். அதனால்தான் வரைபடத்தை மக்கள் கையில் வைத்திருக்க வேண்டும். பணி ஆணை கொடுத்த பிறகு கேட்டால் "டெண்டர் முடிந்துவிட்டது, மாற்ற முடியாது" என்பார்கள். டெண்டர் அறிவிப்பு வருமுன், பட்ஜெட்டில் அந்தத் தெருவின் பெயர் வந்த உடனே கேளுங்கள். எஸ்டிமேட் நகலோடு சந்திப்புகளின் வரைபடமும் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். வெறும் எஸ்டிமேட் கொடுத்தால் அதில் கன மீட்டர் கணக்குதான் இருக்கும், ஆரம் தெரியாது. வேலை நடக்கும்போது ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். இருசக்கரம் தம்பி போல நாள் முழுக்கத் தெருவில் இருப்பவர்கள் போட்டோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.

#22 இருசக்கரம்

எடுக்கிறேன் அண்ணா. எங்கள் டெலிவரி குழுவில் எல்லோரிடமும் சொல்கிறேன், மூடி இறங்கிய இடம், ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் இடக்குறியோடு வந்துவிடும்.

#23 தெருவோரம்

அருமை. அடுத்த ஆண்டுக்கான சாலைப் பணிப் பட்டியல் வெளியாகியிருக்கிறது, டெண்டர் இன்னும் வரவில்லை. வரைபடம் கேட்டு இந்த வாரமே மனு போடுகிறேன். கிடைத்ததும் இங்கே ஏற்றினால் யாராவது முனை அளவுகளைப் பார்த்துச் சொல்வீர்களா?

#24 சுழல்பாதை

நான் பார்க்கிறேன். அளவுகோலும் வடக்குக் குறியும் தெரியும்படி முழுத் தாளையும் ஸ்கேன் செய்யுங்கள், போனில் சாய்வாகப் படமெடுத்தால் அளக்க முடியாது. பள்ளி இருக்கும் தெருக்களை முதலில் அனுப்புங்கள்.